தலைமாட்டுப் பை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன்னர்ப் பேசிய புலவர் பெருமக்கள் இருவரும் வள்ளுவரையும் இளங்கோவடிகளையும் பற்றி அரியதோர் விருந்தளித்து அமர்ந்தனர். அவ்விருந்துக்குப் பின் மேடையேறும் நான் புலவனும் அல்லேன், பேச்சாளனும் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் சேர்ந்து, பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதி வயிறு வளர்ப்பவன். நம் செயலாளர் அவர்கள் சென்ற திங்கள் என் மேசைக்கே வந்து, "நம்மவர்கள் இப்பொழுது பிள்ளை குட்டிகளோடு மலைப் பயணம் போகத் தொடங்கிவிட்டார்கள். கூடாரம் வாங்குகிறார்கள், காலணி வாங்குகிறார்கள், கரடியைப் பற்றி மட்டும் ஒருவரும் நினைப்பதில்லை. உங்களுக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். 'ஒளிக்காமல்' என்னும் சொல்லை அவர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

ரயிலில் பயணம் செய்யும் நம்மவர் இரவில் என்ன செய்கின்றனர்? பெட்டியைச் சங்கிலியால் இருக்கையின் அடியில் பூட்டுகின்றனர். பணமும் பலகாரமும் உள்ள பையைத் தலைக்கு அணையாக வைத்துக்கொண்டு உறங்குகின்றனர். நானும் அவ்வாறே வளர்ந்தவன். அதற்கு மேல் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட பார்சல் அலுவலகப் பழக்கம். பொருள் கண் பார்வையில் இருக்க வேண்டும். கண் மூடினால் கைக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். இதுவே நான் கற்ற ஒரே பாடம். திருடனுக்கு இப்பாடம் பொருந்தும். எலிக்கும் ஓரளவு பொருந்தும். கரடிக்கோ இதனினும் கொடிய பிழை வேறில்லை. திருடன் நாம் விழித்துக்கொள்வோமே என்று அஞ்சுவான். கரடி அஞ்சாது. அது பையைத் தேடி வரும். பைக்கும் அதற்கும் இடையே நம் தலை இருப்பது அதன் குற்றமன்று.

இனி நடந்ததைச் சொல்கின்றேன்.

2017 ஆம் ஆண்டு என் மகன் டெங்குக் காய்ச்சலில் வீழ்ந்து பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தான். அப்போது என் மனைவி ஒரு வேண்டுதல் செய்துகொண்டாள். உத்தரகாசிக்கு மேலே, அஸ்ஸி கங்கை பிறக்கும் இடத்தில், டோடிதால் என்று ஓர் ஏரி உண்டு. கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் உயரம். பிள்ளையார் அவதரித்த இடம் அதுவே என்பது அம்மலை மக்களின் நம்பிக்கை. ஏரிக்கரையில் அவருக்குக் கோயிலும் இருக்கின்றது. நம் ஊரில் அரசமரத்தடி தோறும் அமர்ந்திருப்பவர்க்குப் பிறந்த வீடு இவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை இங்கு வந்து குடியேறிய பின்னரே நாங்கள் அறிந்தோம். அந்த ஏரிக்கரையிலேயே கொழுக்கட்டை பிடித்துப் படைப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

2018 அக்டோபர், தசரா விடுமுறை. மகளுக்கு வயது பதின்மூன்று, மகனுக்கு ஒன்பது. டேராடூனிலிருந்து உத்தரகாசி வரை பேருந்து. அங்கிருந்து சங்கம்சட்டி வரை ஜீப். அதன் பின் கால்நடை. முதல் இரவு அகோடா என்னும் சிற்றூரில் தங்கினோம். அவ்வூர் முதியவர் ஒருவர் வழிகாட்டியாகவும் சுமை தூக்கவும் உடன் வர இசைந்தார். பிள்ளைகள் அவரைத் தாதாஜி என்றனர். அவர் என்னைப் பாபுஜி என்றும், என் மனைவியை பேட்டி என்றும் அழைத்தார்.

எங்கள் முதுகுப் பைகளில் இருந்தவற்றைச் சொன்னால் இங்குள்ள தாய்மார்கள் மகிழ்வார்கள். வறுத்த பச்சரிசி மாவு, வெல்லம் ஒரு கிலோ, தேங்காய் இரண்டு, ஏலக்காய், நெய், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல், தேன்குழல். இவற்றோடு என் தாயார் ஊரிலிருந்து அனுப்பிய கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு பொட்டலம். அக்டோபர் மாதக் கரடிக்கு ஓலை எழுதி அழைப்பதானால் இதனினும் நல்ல ஓலை எழுத இயலாது. (சிரிப்பு)

ஏன் அக்டோபர் என்று சொன்னேன் எனில், அதுவே கரடி பெரும்பசி கொள்ளும் பருவம். இமயத்துக் கருங்கரடி, மார்பில் பிறை போன்ற வெண்கோடு உடையது. நன்கு வளர்ந்த ஆண் கரடி 100 முதல் 200 கிலோ வரை எடையுள்ளது. பனிக்காலத்தில் குகையிலோ மரப்பொந்திலோ முடங்கிக் கிடக்க வேண்டுமாதலின், அதற்கு முன் இலையுதிர் காலத்தில் உடலில் கொழுப்பைச் சேர்க்கும் பொருட்டு இரவும் பகலும் தின்னும். அம்மலையில் கர்சு, மோரு என வழங்கும் ஓக் மரங்களின் கொட்டை, காட்டுப் பழம், தேன், புழு பூச்சி, வாய்ப்பு நேர்ந்தால் உழவரின் மக்காச்சோளம், எல்லாம் அதற்கு உணவு. மரம் ஏறுவதில் அது குரங்குக்குத் தம்பி. மோப்பமோ நாயினுடையதைக் காட்டிலும் கூரியது என்பர். கொழுப்பும் இனிப்பும் ஒரே இடத்தில் கட்டிவைத்த வெல்லமும் நெய்யும் தேங்காயும் அதற்கு எத்தனை நாள் உழைப்பை மிச்சப்படுத்தும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் நாள் மாலை மாஞ்சி என்னும் புல்வெளியை அடைந்தோம். கோடையில் எருமை மேய்ப்பவர் தங்கும் குடிசைகள் அங்கு உண்டு. அப்போது அவை ஆளின்றிக் கிடந்தன. மறுநாள் காலை ஏரி. கூடாரங்கள் இரண்டு அடித்தோம். அதன் வாயிலிலேயே அடுப்பு மூட்டிச் சோறு வடித்து உண்டோம். இது முதற் பிழை. கஞ்சியைப் பத்தடி தள்ளிக் கொட்டினோம். இது இரண்டாம் பிழை. இருட்டியதும் நான் உணவுப் பையை உள்ளே இழுத்து என் தலைமாட்டில் வைத்தேன்.

தாதாஜி கூடார வாயிலில் குனிந்து பார்த்தார். "பாபுஜி, அந்தப் பையை வெளியே கொடுங்கள். அதோ அந்த மரத்தில் கட்டிவிடுகிறேன்" என்றார்.

"இங்கே திருடன் யார் வரப்போகிறான்?" என்றேன்.

"திருடன் வரமாட்டான், ரீக் வரும்" என்றார். அவ்வூர்ப் பேச்சில் ரீக் என்றால் கரடி.

எனக்கு மனம் ஒப்பவில்லை. வேண்டுதலுக்குரிய வெல்லமும் மாவும் அதில் இருக்கின்றன; அதைக் கண் காணாத இருட்டில் மரத்தில் தொங்கவிடுவதா? ஆயினும் முதியவர் சொல்லைத் தட்டாமல் கொடுத்துவிட்டேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, "எல்லாம் இதில் இருக்கிறதா? பிள்ளைகளிடம் ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார்.

அன்று மாலையே என் மகனுடைய சிறு பையின் பக்கவாட்டில் ஒரு பொட்டலம் புடைத்திருப்பதை நான் பார்த்திருந்தேன். வழியெல்லாம் நான் மிட்டாயை எண்ணி எண்ணிக் கொடுத்தேன். பார்சல் எழுத்தன் அல்லவா? அதனால் அவன் ஒரு பொட்டலத்தைத் தனக்கென ஒளித்துக்கொண்டான். ஒன்பது வயதுப் பிள்ளை. ஓராண்டுக்கு முன் சாவின் வாயிலைத் தொட்டு மீண்டவன். நாள் முழுதும் முணுமுணுக்காமல் மலையேறியவன். போகட்டும், தின்னட்டும் என்று கண்டும் காணாதவன் போல் இருந்துவிட்டேன். தாதாஜி கேட்டபோது, "எல்லாம் இதில்தான் இருக்கிறது" என்று சொன்னேன். செயலாளர் ஒளிக்காமல் சொல்லச் சொன்னது இதைத்தான்.

நள்ளிரவுக்குப் பின் என்னை எழுப்பியது ஓசையன்று, நாற்றம். நனைந்த கம்பளியும் அழுகிய இலையும் கலந்தாற்போன்ற நாற்றம். அதன் பின்னரே மூச்சு கேட்டது. கொல்லன் துருத்தி போல உள்ளே இழுத்து வெளியே விடும் மூச்சு, மகன் படுத்திருந்த பக்கத்தில், கூடாரத் துணிக்கு அப்பால் ஒரு சாண் தொலைவில். நான் வாய் திறக்கு முன் துணி கிழிந்தது. கிழியும் ஓசை நம் வீட்டில் பழைய புடவை கிழிக்கும் ஓசை போன்றே இருந்தது; அத்தனை எளிதாகக் கிழிந்தது. என் மனைவி மகனைப் படுக்கையோடு தன்பால் இழுத்தாள். அவன் கால் இருந்த இடத்தில் ஒரு கை நுழைந்தது. அந்தச் சிறு பையைப் பற்றி இழுத்தது. பை போயிற்று. தாதாஜி தம் கூடாரத்திலிருந்து கூவிக்கொண்டு பாத்திரத்தைத் தட்டும் ஒலி எழுந்தது. கனமான ஓர் உடல் புதரை முறித்துக்கொண்டு கீழ்நோக்கிப் போவது கேட்டது. அவ்வளவே. எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிடம்கூட ஆகியிராது.

மகனுக்கு ஒரு கீறலும் இல்லை. அவன் அழவும் இல்லை. விடியும் வரை தாயின் கையைப் பற்றிய பிடியைத் தளர்த்தாமல் அமர்ந்திருந்தான். மகள்தான் நடுங்கிக்கொண்டே இருந்தாள்.

காலையில் நாற்பது அடி தள்ளிப் பை கிடந்தது. பொட்டலத்தின் தாள் நக்கித் துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. மரத்தில் கட்டிய பெரிய பை அப்படியே தொங்கியது. தாதாஜி அந்தத் தாளை எடுத்து மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார். பின்பு என்னைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பாபுஜி, நீங்கள் நாளை மறுநாள் டேராடூன் போய்விடுவீர்கள். இது இங்கேயே இருக்கும். துணி வீட்டுக்குள் மிட்டாய் இருக்கும் என்று நேற்று இது கற்றுக்கொண்டது. அடுத்ததாக மர வீட்டுக்குள் இருக்குமா என்று பார்க்க வரும். என் மருமகள் புல் அறுக்க இந்தக் காட்டுக்குத்தான் வருகிறாள்."

நான் மேலதிகாரிகளிடம் பலமுறை வசவு கேட்டவன். அவற்றுள் ஒன்றும் இதுபோல் என்னைச் சுட்டதில்லை. புல்லுக்கும் விறகுக்கும் காட்டுக்குள் போகும் மலைப் பெண்கள் கரடியால் தாக்குண்டு முகம் சிதைந்த செய்தி உத்தராகண்டச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் வருவதே. நானும் படித்துப் பக்கத்தைத் திருப்பியவன்தான்.

ஏரி இன்னும் சில மணி நேர நடையே. ஆயினும் என் மனைவி மேலே போக மறுத்துவிட்டாள். திரும்பி அகோடாவுக்கு இறங்கி, தாதாஜியின் வீட்டு அடுப்பிலேயே கொழுக்கட்டை பிடித்து அவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். வேண்டுதல் நிலுவையில் நின்றது.

வீடு திரும்பிய பின் இப்பொருளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானேன். கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் தமக்கை மகனும் அங்குள்ள செய்திகளை எடுத்துச் சொன்னான். நாம் இன்று செய்யும் பிழைகளை அமெரிக்கர் நூறாண்டுக்கு முன்பே செய்து முடித்திருக்கின்றனர் என்பதை அறிந்தபோது எனக்குச் சிறிது ஆறுதலாகவும் இருந்தது, அச்சமாகவும் இருந்தது. யோசமிட்டி என்னும் அவர்களது தேசியப் பூங்காவில் 1920, 1930 களில் குப்பையைக் கொட்டிக் கரடிகளை வரவழைத்து, மக்களைக் கூட்டி வைத்து வேடிக்கை காட்டினர். மனிதர் இருக்கும் இடமே உணவு இருக்கும் இடம் என்று கரடிகள் தலைமுறை தலைமுறையாகக் கற்றன. 1998 ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அங்கு 1,300க்கு மேற்பட்ட மோட்டார் வண்டிகளைக் கரடிகள் உடைத்தன. பூட்டிய கதவின் மேல் விளிம்பைப் பற்றி, டப்பா மூடியைத் திறப்பதுபோல் வளைத்துவிடுமாம்.

அதனினும் துயரமானது மொன்டானா மாநிலத்துக் கிளேசியர் பூங்காவில் 1967 ஆகஸ்டு மாதத்து ஓரிரவில் நிகழ்ந்தது. ஒன்றுக்கொன்று பல மைல் தொலைவிலிருந்த இரண்டு இடங்களில், இரண்டு வெவ்வேறு கரடிகள், பத்தொன்பது வயதுப் பெண்கள் இருவரைக் கொன்றன. ஓரிடத்தில் விடுதியின் எச்சில் உணவைக் கரடிகளுக்கு இட்டுப் பழக்கியிருந்தனர். மற்றோரிடத்தில் அந்தக் கோடை முழுதும் ஒரு கரடி முகாம்களில் புகுந்து உணவைப் பறித்துவந்தது. தாதாஜி எனக்குச் சொன்னது இதுவேயன்றோ? அவர் எந்த நூலையும் படித்தவரல்லர்.

நம் நாட்டிலும் இது வேரூன்றி வருகின்றது. காஷ்மீரத்துச் சோனமார்க்கில் பயணிகள் விடுதிக் குப்பையைத் தின்று பழுப்புக் கரடிகள் வாழ்கின்றன. அவற்றின் எச்சத்தில் பிளாஸ்டிக் தாள்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அபு மலை நகரத் தெருக்களில் கரடிகள் இரவில் குப்பைத் தொட்டியைக் கிளறுகின்றன. நம் நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் கோயிலில் நுழைந்து விளக்கெண்ணெயைக் குடித்துப் போவதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

இந்த எண்ணெய்ச் செய்தியைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கரடிக்கு உணவு எது என்பதை நாம் முடிவு செய்வதில்லை. அதன் மூக்கு முடிவு செய்கின்றது. தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் அதற்கு உணவு. பற்பசை உணவு, வாசனைச் சவர்க்காரம் உணவு, பிள்ளைகளின் இருமல் மருந்து உணவு, பூசைக்கு எடுத்துப்போகும் நெய்த் திரியும் உணவு. இவை யாவும் பலகாரத்தோடு சேர்ந்தே கூடாரத்தை விட்டு வெளியேற வேண்டும். தாளித்தபோது உடுத்தியிருந்த ஆடையோடு உறங்குவதும் ஆகாது. இதைச் சொன்னபோது என் மனைவி, "அப்படியானால் என்னையே மரத்தில் கட்டிவிட வேண்டியதுதான்" என்றாள். (சிரிப்பு) அதன் பின் சமைப்பதற்கென ஒரு பழைய சேலையைத் தனியே வைத்துக்கொண்டாள்.

இடத்தைப் பொறுத்தவரை, உறங்கும் இடம் ஒன்று, சமைத்து உண்ணும் இடம் ஒன்று, உணவை வைக்கும் இடம் ஒன்று என மூன்றாகப் பிரிப்பது நல்லது. கூடாரத்திலிருந்து மற்றவை ஏறக்குறைய 100 மீட்டர் விலகியிருக்க வேண்டும். கூடாரத்தின் பக்கமிருந்து காற்று எத்திசை நோக்கி வீசுகின்றதோ அத்திசையில் அவை அமைய வேண்டும். பிள்ளைகளோடு போகும்போது பசியும் இருட்டும் ஒன்றாக வந்துவிடும்; அப்போது நூறு மீட்டர் நூறு மைலாகத் தோன்றும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே சமைத்து உண்டுவிட்டு, பின்பு உறங்கும் இடத்துக்குப் போய்விடுவதே எளிது.

மரத்தில் கட்டுவது பழைய முறை. பை நிலத்திலிருந்து நான்கு மீட்டர் உயரமும், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் விலகியும் தொங்க வேண்டும் என்பது கணக்கு. கணக்கு எளிது, அத்தகைய கிளையுள்ள மரம் கிடைப்பதுதான் அரிது. மரக்கோட்டுக்கு மேலே ஏறிவிட்டால் மரமே இல்லை. மேலும் யோசமிட்டிக் கரடிகள் கட்டிய கயிற்றைக் கடித்து அறுக்கவும், பளு தாங்காத மெல்லிய கிளைக்குத் தம் குட்டியை அனுப்பவும் கற்றுக்கொண்டன. ஆகவே அங்கு மரத்தில் கட்டுவதையே தடை செய்துவிட்டனர். அன்று மாஞ்சியில் எங்கள் பை தப்பியதற்குத் தாதாஜியின் முடிச்சைவிட என் மகனின் மிட்டாய் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததே காரணம் என்று இப்போது நினைக்கின்றேன்.

இதற்கு மாற்றாக அவர்கள் வகுத்தது கேனிஸ்டர். நான் அதைக் கரடிச் செப்பு என்கின்றேன். தடித்த பிளாஸ்டிக்கால் ஆன உருளை. பிடிப்பதற்கு விளிம்போ கைப்பிடியோ இல்லாமல் வழவழப்பாக இருக்கும். கரடியின் வாய்க்குள் அடங்காத பருமன். பெரிய செப்பு பத்துப் பதினொரு லிட்டர் கொள்ளும். வெறுஞ்செப்பே ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மூடியை மனிதக் கை அறிந்து திறக்க வேண்டும். கரடி அதை உருட்டும், கடிக்கும், மேலே ஏறி நிற்கும். திறக்க முடியாமல் சலித்துப் போய்விடும். போகும்போது மனிதரிடம் ஒன்றும் கிடைக்காது என்னும் பாடத்தைக் கற்றுக்கொண்டு போகும். இதுவே அதன் சிறப்பு. இத்தகைய கலங்களை மொன்டானாவில் வளர்ப்புக் கரடிகளிடம் உணவோடு கொடுத்து, கரடி தாக்கும் நேரமாக 60 நிமிடம் தாங்கினால்தான் தேர்ந்ததாகக் கொள்கின்றனர். இதனினும் நேர்மையான தேர்வு அதிகாரிகளை நான் கண்டதில்லை. கைநீட்டினாலும் பொருளுக்காகவே நீட்டுவர். (சிரிப்பு)

எனினும் மனிதன் செய்த பூட்டு எதுவும் முற்றானதன்று. நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் மலையில் ஒரு பெண் கரடி இருந்தது. காதில் மஞ்சள் வில்லைகள் மாட்டியிருந்ததால் அதற்கு மஞ்சள்-மஞ்சள் என்று பொருள்படும் பெயர். சிறிய உடல், ஆளைக் கண்டால் ஒதுங்கும் கூச்சம். அது ஒருவகைச் செப்பின் மூடியில் உள்ள தடையைப் பல்லால் அழுத்தித் திருகித் திறக்கத் தானே கற்றுக்கொண்டது. செய்த நிறுவனத்தார் தடையை இரட்டிப்பாக்கினர், அதையும் திறந்தது. அந்தக் கரடி 2012 ஆம் ஆண்டு வேடன் ஒருவனின் குண்டுக்கு இரையாயிற்று. அதன் அறிவை நினைத்து வியப்பேன். முடிவை நினைத்து வருந்துவேன்.

என் தமக்கை மகன் ஊருக்கு வந்தபோது இரண்டு செப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தான். அவற்றில் குடும்பத்தின் உணவை அடைக்கும் கலையில் என் மனைவிக்கு இணையில்லை. தேன்குழல் காற்றை அடைத்துக்கொண்டு இடத்தை வீணாக்கும். தட்டை நாணயம் போல் அடுக்க இடம் கொடுக்கும். அவலும் சத்துமாவும் மூலை முடுக்கெல்லாம் புகும். தேங்காயை முழுதாக வைக்கவே கூடாது. துருவி வறுத்து வெல்லத்தோடு பூரணமாகக் கிளறிவிட்டால் இடமும் மிச்சம், மலையில் வேலையும் மிச்சம். பற்பசைக்கும் எண்ணெய்க்கும் இடம் ஒதுக்கிய பின்னரே பலகாரத்தை அடைக்க வேண்டும். பிந்தினால் அவை கூடாரத்துக்கே திரும்பி வரும். எச்சில் தாள்களும் அதற்குள்ளேயே வர வேண்டும். இரவில் செப்பைச் சமநிலத்தில் வைக்க வேண்டும். சரிவிலோ ஓடைக்கரையிலோ வைத்தால் கரடி உருட்டிவிடும், காலையில் நாம் பட்டினி. கயிறு கட்டவே கூடாது. கயிறு கரடிக்குக் கைப்பிடி ஆகிவிடும். பகலிலும் மூடியே வைக்க வேண்டும்.

இத்தகைய செப்பு இல்லாதவர் எவர்சில்வர் தூக்கிலும் பால் கேனிலும் வைத்துப் பூட்டலாமா என்று சிலர் என்னைக் கேட்டதுண்டு. எலிக்கும் குரங்குக்கும் அவை போதும். கரடியை நினைத்து நான் அவற்றை நம்பமாட்டேன். அதைவிட, உள்ளூர் வழிகாட்டியைக் கேட்டு, வனத்துறை விடுதியிலோ ஊருக்குள்ளேயோ இரவு தங்குவது மேல்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை தின்பண்டத்தை ஒளிப்பது திருட்டுப் புத்தியால் அன்று. நாம் எண்ணிக் கொடுப்பதால். இப்போது எங்கள் வீட்டு வழக்கப்படி, மலையில் தின்பண்டத்துக்குக் கணக்கில்லை. ஆனால் பொழுது சாயும்போது பை சோதனை உண்டு. சோதிப்பவர் பிள்ளைகள், சோதிக்கப்படுபவர் நாங்களும்தான்.

2023 அக்டோபரில் மீண்டும் புறப்பட்டோம். மகன் பதினான்கு வயதினன். என் தோளுக்கு வளர்ந்துவிட்டான். கொழுக்கட்டைச் செப்பை அவனே சுமந்தான். தாதாஜிக்குப் பார்வை சற்று மங்கியிருந்தது. ஆயினும் உடன் வந்தார். மாஞ்சியில் அதே புல்வெளி. மாலையில் அவர் வழக்கம்போல், "எல்லாம் இதில் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் வாய் திறக்கு முன் என் மகன் வந்து என் சட்டைப் பையைத் தடவினான். ஏலக்காய் கலந்த சீவல் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. மறந்தே போயிருந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் செப்பில் போட்டு மூடியைத் திருகி, எண்ணி எண்ணி நடந்து இருட்டுக்குள் வைத்துவிட்டு வந்தான். அன்றிரவு நான் உறங்கினேன் என்று சொல்வதற்கில்லை. தலைக்கு அணையாக ஒன்றும் இல்லாதது ஒரு காரணம்.

காலையில் ஒரு செப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. மற்றொன்று பதினைந்து அடி தள்ளிச் சாய்ந்து கிடந்தது. அதன் தோளில் புதிய கீறல்கள் மூன்று. தாதாஜி அவற்றை விரலால் தடவிப் பார்த்து, "வந்தது, போய்விட்டது" என்றார்.

அன்று நண்பகல் ஏரிக்கரையில், கோயிலுக்குக் கீழே, பூரணத்தைக் கலத்திலிருந்து எடுத்து மாவைக் கிளறி, இருபத்தொரு கொழுக்கட்டை பிடித்துப் படைத்தோம். அங்கிருந்தோர்க்குக் கொடுத்தது போக ஆறு மீந்தன. இரண்டைத் தாதாஜி தம் மருமகளுக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். எஞ்சிய நான்கையும் என் மகன் செப்பிலிட்டு மூடினான்.